பொருத்தை மறையாத நாற்காலி

(கே.கே. நகரில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நாம் பேசப் புகுந்த விஷயம் இத்தாலி தேசத்து நாற்காலி. இதைக் கேட்டமாத்திரத்தில் சபையில் சிலர் புன்னகை புரிவதைக் காண்கிறோம். தேரும் திருவாசிகையும், நிலையும் ஊஞ்சலும் செய்த மரபினர்க்கு அன்னிய நாட்டு நாற்காலியில் அறியவேண்டியது என்ன இருக்கிறது என்று அவர்கள் எண்ணக்கூடும். அறியவேண்டியது இருக்கிறது. 1945ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்தபின் ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் இத்தாலியர் செய்த மரச்சாமான்களை உலகத்தார் இன்றளவும் தேடி வாங்குகிறார்கள். காட்சிசாலைகளில் வைத்துப் போற்றுகிறார்கள். அவற்றுட் பலவற்றில் மெச்சப்படுவது செதுக்குச் சித்திரமன்று, பொன்முலாமுமன்று. ஒரு கட்டை மற்றொரு கட்டையைச் சந்திக்கும் இடம் எதுவோ, அதுவே மெச்சப்படுகிறது. அவ்விடத்தை அவர்கள் மூடி மறைக்கவில்லை. இதுதான் வேலை, பாருங்கள் என்று திறந்து காட்டினார்கள். அந்தச் சந்தி நம் கையிலும் உள்ள வித்தை. அதை நாமே மறைக்கவும், மறைத்தபின் மறக்கவும் கற்று வருகிறோம் என்பதே நமது கவலை.

வீட்டு வசதி வாரியம் மனை வகுத்த இந்தக் கே.கே. நகரிலும், அடுத்துள்ள அசோக் நகர், வடபழனி, சாலிக்கிராமம் ஆகிய இடங்களிலும் நம்மவர் தொழில் இன்று எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சபையோர் அறிவீர்கள். ஒரு சாரார் பட நிலையங்களில் அரங்கு நிர்மாணிக்கும் வேலைக்கென்று இப்பக்கம் வந்து குடியேறினவர்கள். அரண்மனையை மூன்று நாளில் எழுப்பி நான்காம் நாள் பிரித்துவிட வேண்டிய வேலை அது. ஆணியும் பிளைவுட்டும் அதற்குத் தக்கனவே. மற்றொரு சாரார் அடுக்குமாடி வீடுகளுக்கு அலமாரியும் அடுக்களைப் பெட்டிகளும் செய்கிறார்கள். பலகையை அறுத்து, பசை தடவி, திருகாணி முடுக்கி, மேலே மைக்கா ஒட்டினால் வேலை முடிந்தது. இதை இகழ்வதற்காக நாம் சொல்லவில்லை. குடும்பம் நடப்பது இதனால்தான். ஆயினும் உளியும் கொட்டாப்புளியும் பெட்டியின் அடியிற் கிடக்க, பையன்மார் மின்சாரத் திருகுயந்திரம் ஒன்றையே தொழிற்கருவி என்று அறிந்து வளர்வது உண்மை. பொருத்துப் பிடித்து ஒரு நாற்காலி செய்யத் தெரிந்த இருபத்தைந்து வயது இளைஞர் நம்முள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணுங்கால் ஒரு கை போதும் என்றே அஞ்சுகிறோம்.

இனி இத்தாலிக்குச் செல்வோம். அந்நாட்டின் வடமேற்குக் கடற்கரையிலே, ஜெனோவா நகருக்குக் கிழக்கே, கியாவரி என்றோர் ஊர் உண்டு. அவ்வூரில் 1791ஆம் ஆண்டில் ஒரு பொருளாதாரச் சங்கம் தோன்றிற்று. உள்ளூர்த் தொழில்களை வளர்ப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. 1807ஆம் ஆண்டில் அச்சங்கத்தின் தலைவராயிருந்த ஸ்தெபானோ ரிவரோலா பிரபு, பாரிஸ் நகரத்து நாற்காலி மாதிரியை உள்ளூர்த் தச்சரிடம் காட்டி, இதனினும் நேர்த்தியாக நம் ஊரிற் செய்ய இயலுமா என்று கேட்டார். ஜுசெப்பே கேதானோ தெஸ்கால்சி என்னும் தச்சர் அந்தப் பொறுப்பை ஏற்றார். அவர் அலங்காரத்தைக் குறைத்தார். கட்டைகளை மெலியச் செய்தார். இருக்கையை வில்லோ மரத்தின் மெல்லிய நாரினாற் பின்னினார். ஒரு கையால் எடுக்கத்தக்க நாற்காலி பிறந்தது. பின்னர் அவ்வூரில் அதனாலேயே ஒரு தொழில் தழைத்தது. நம் திருமண மண்டபங்களில் வரவேற்பு வைபவத்தன்று வரிசையாய் நிறுத்தப்படும் மெல்லிய பொன்வண்ண நாற்காலிகளைச் சபையோர் கண்டிருப்பீர்கள். அவை அந்தக் கியாவரி நாற்காலியின் தூரத்து வாரிசுகள். இரும்பிலும் பிளாஸ்டிக்கிலும் வார்த்தெடுத்தபடியால் குலமழிந்த வாரிசுகள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இங்கே நாம் கருதத்தக்கது, ஒரு சங்கம் தச்சரிடம் கேட்ட கேள்வியிலிருந்து இவ்வளவும் விளைந்தது என்பதே.

நூற்றைம்பது ஆண்டு கழித்து அதே நாற்காலியை மறுபடியும் கையிலெடுத்தவர் ஜியோ பொன்டி. 1891இல் மிலான் நகரிற் பிறந்த சிற்பநூல் வல்லுநர் அவர். தோமுஸ் என்னும் கட்டடக்கலைப் பத்திரிகையை 1928இல் தொடங்கியவர். மிலானில் பிரெல்லி கோபுரத்தை எழுப்பியவர்களுள் முதன்மையானவர். மாளிகை கட்டும் ஒருவர் கியாவரி நாற்காலியின் எடையைக் குறைப்பதிலேயே ஆண்டுக்கணக்காய் மனத்தைச் செலுத்தினார் என்றால் நம்புவது அரிது. மேதா என்னும் ஊரிலுள்ள கஸ்ஸீனா தொழிற்சாலையாருடன் கூடி அவர் 1957இல் முடித்த நாற்காலிக்குச் சூப்பர்லெஜேரா, அதாவது மிகமிக இலேசானது, என்று பெயர். எடை 1.7 கிலோ. நம் வீட்டுப் பித்தளைக் குடம் ஒன்று வெறுமையாயிருக்கும்போதே அதனினும் கனக்கும். ஒரு சிறுவன் ஒற்றை விரலால் அதைத் தூக்கி நிற்கும் படம் பிரசித்தமானது. நான்காம் மாடியிலிருந்து கீழே எறிந்து பார்த்தபோது அது உடையாமல் துள்ளி எழுந்தது என்றும் கூறுவர். இருக்கை பிரம்புப் பின்னல். அந்தப் பிரம்பை இத்தாலியர் தம் மொழியில் இந்திய நாணல் என்றே அழைக்கிறார்கள்.

தச்சர்கள் கவனிக்கவேண்டியது அதன் கால். ஆஷ் என்னும் அந்நாட்டு வெண்மரத்தால் ஆன அந்தக் கால் முக்கோண வடிவாய், பதினெட்டு மில்லிமீட்டர் அளவே உடையது. நம் கைச் சுண்டுவிரல் தடிமனுக்குச் சற்று மேல். அதற்குள் துளையிட்டு, குறுக்குக் கட்டையின் நாக்கைச் செலுத்தி, அதன்மேல் ஒரு மனிதன் உட்கார்ந்து பின்னோக்கிச் சாய்ந்தால் முறியாதிருக்க வேண்டும். நாற்காலியைப் போல் வதைபடும் சாமான் வீட்டில் வேறில்லை. மேஜை பாரத்தை நேரே தாங்குகிறது; அலமாரி சுவரோடு நிற்கிறது. நாற்காலியையோ மனிதன் இழுக்கிறான், சாய்க்கிறான், இரண்டு காலில் நிறுத்தி ஆட்டுகிறான். அந்த வதை முழுவதும் இருக்கைச் சட்டம் பின்காலைச் சந்திக்கும் இடத்தில் வந்து குவிகிறது. கால் நான்கு; இருக்கைச் சட்டம் நான்கு; கீழ்க்கட்டை நான்கு; முதுகுக்கட்டை இரண்டு; இப்படி எண்ணினாலே ஒரு சாதாரண நாற்காலிக்கு இருபது சந்திகள். இருபதில் ஒன்று தளர்ந்தால் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாய்த் தளரும்.

ஆகவே மெலிந்த நாற்காலி என்பது மரத்தைக் குறைத்துச் செய்ததன்று. பொருத்தை நம்பிச் செய்தது. பொருத்தில் நம்பிக்கை இல்லாதவன் காலைத் தடிமனாக்குவான். நாக்கின் பருமன் கட்டையின் பருமனில் மூன்றிலொரு பங்கு என்று நம் பெரியோர் கண்ணளவாய்ச் சொல்வார்கள். மேல்நாட்டுத் தச்சரும் அவ்வாறே சொல்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. நாக்கு தடித்தால் துளையின் சுவர் மெலியும். சுவர் தடித்தால் நாக்கு மெலியும். பக்கத்துக் கட்டையின் துளையும் முன்கட்டையின் துளையும் ஒரே உயரத்தில் வந்தால் கால் அவ்விடத்தில் உள்ளீடற்றுப் போகும். அதனால் ஒன்றை மேலும் ஒன்றைக் கீழுமாக ஏற்றியிறக்கி வைப்பர். கியாவரித் தச்சர் செய்ததும் இத்தகைய கணக்குத்தான். பொன்டி அதைக் கடைசி எல்லைவரை கொண்டு சென்றார்.

திருகாணி இந்த வேலையைச் செய்யாதா எனச் சிலர் கேட்கலாம். மரம் உயிர் போனபின்பும் மூச்சு விடும் பொருள். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது ஈரம் குடித்து அகலும். சித்திரை, வைகாசியில் வறண்டு சுருங்கும். நாரோட்டத்தின் நீளத்தில் அது அநேகமாய் மாறுவதில்லை, குறுக்கில்தான் மாறுகிறது. மரத்தோடு மரம் பொருந்திய இடத்தில் இரண்டும் ஒரே இனமாதலால் ஒன்றுக்கொன்று ஓரளவு விட்டுக்கொடுக்கும். இரும்பு விட்டுக்கொடுக்காது, தன்னைச் சுற்றியுள்ள நாரை நசுக்கித் தன் துளையைத் தானே அகலமாக்கிக்கொள்ளும். கட்டையின் தலைப்பக்கத்தில் முடுக்கிய திருகாணியோ முதலிலிருந்தே பிடிமானம் குறைந்தது. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையில் ஒருமுறை கழன்ற திருகாணி மறுமுறை பிடிப்பதில்லை என்பதை வீடு மாற்றிய ஒவ்வொருவரும் அறிவர். முளைத்துளையை மயிரளவு விலக்கித் துளைத்து, மூங்கிலாணியை அடிக்க அடிக்கச் சந்தி தானே இறுகும்படி செய்யும் உபாயம் இந்தச் சபையிலிருக்கும் மூத்த ஆசாரிமார் கையில் இன்றும் இருக்கிறது. அதைப் புத்தகத்தில் வாசித்து மட்டும் அறிந்துகொள்ள முடியாது.

பொருத்தை வெளிப்படையாய்க் காட்டியவருள் பிராங்கோ அல்பீனி என்பவரையும் சொல்லவேண்டும். அவருடைய லூயிசா என்னும் கைநாற்காலியைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பத் திருத்தினார். பவியா நகரத்துப் போஜ்ஜி பட்டறையார் அதைச் செய்தார்கள். 1955இல் அதற்குத் தங்கக் கவராயம் என்னும் பரிசு கிடைத்தது. கவராயம் என்பது தச்சன் வட்டம் போடும் கருவி. ஒரு தேசம் தன் உயர்ந்த தொழிற்பரிசுக்கு அக்கருவியின் பெயரை இட்டது நமக்கு மிகவும் உவப்பாயிருக்கிறது. லூயிசாவில் கையும் காலும் சந்திக்கும் கோணத்தை எவரும் காணலாம். காணும்படி விட்டபின் லப்பம் வைத்து இடுக்கை அடைக்க வழியில்லை. மறைந்த பொருத்தில் தச்சன் தன்னோடு மட்டும் கணக்கு வைத்துக்கொள்கிறான்; தெரியும் பொருத்தில் ஊராரோடு கணக்கு வைத்துக்கொள்கிறான்.

வெனிஸ் நகரத்துக் கார்லோ ஸ்கார்பாவின் செய்தி வேறு வகையானது. வெரோனாவில் கஸ்தெல்வெக்கியோ கோட்டையைக் காட்சிசாலையாக்கிப் புகழ்பெற்ற அவர், வெனிஸ் பட்டறைக்காரரோடு கூடியிருந்து வேலை கற்றவர். அவருடைய வேலைகளைப் பற்றி எழுதுவோர் மரவேலை செய்த அன்ஃபோடில்லோ, கப்போவில்லா, இரும்புவேலை செய்த சானோன் ஆகியோர் பெயர்களையும் சேர்த்தே எழுதுகிறார்கள். வரைந்தவர் பெயரோடு செய்தவர் பெயரும் நிற்கிறது. இதை நாம் அழுத்திச் சொல்வதன் காரணம் பின்னால் விளங்கும்.

இவ்வளவு கேட்டபின், இதெல்லாம் நம் முன்னோர் அறியாததா என்று ஒருவர் எழுந்து கேட்பார். அறிந்ததே. மயமதம் என்னும் சிற்பநூலில் மரச்சந்திகளுக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. மேஷயுத்தம், திரிகண்டம், சௌபத்ரம், அர்த்தபாணி, மகாவிருத்தம் என்று அவற்றுக்குப் பெயரும் இட்டிருக்கிறார்கள். மேஷயுத்தம் என்றால் ஆட்டுக்கிடாக்களின் சண்டை. இரண்டு கட்டைகள் முட்டி நிற்கும் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிட்டுமா? அந்நூலைப் பிரெஞ்சுப் பண்டிதர் புருனோ தாஜான் பரிசோதித்துப் பதிப்பிக்க, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் வெளியிட்டார்கள். மயிலை கபாலீசுவரர் தேர் பங்குனியில் மாடவீதி சுற்றும்போது அதன் ஓசையைக் கேட்டவர்கள், மரம் மரத்தோடு பேசுவதைக் கேட்டவர்கள். பெரும்பாலும் பொருத்தும் முளையுமாய்க் கோத்த அந்த மரக்கோவை வீதியின் மேடுபள்ளத்துக்குச் சற்றே அசைந்துகொடுத்து நிற்கிறது.

ஆயினும் எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று மார்தட்டி அமரும் பழக்கத்தை நாம் சிலாகிப்பதில்லை. தேரில் சந்திகளின்மேல் சிற்பப் பலகைகள் வந்து மூடுகின்றன. அங்கே கண்ணுக்கு விருந்து தெய்வவுருவம், பொருத்தன்று. பொருத்தையே அழகாகக் கொண்டு, வேறு அலங்காரம் வேண்டாம் என்று நின்றது இத்தாலியர் எடுத்த துணிவு. அதைப் புதிது என்று ஒப்புக்கொள்வதால் நமக்கு இழுக்கில்லை. பெயர் இருந்தும் கை இல்லாமற் போனால்தான் இழுக்கு.

நம் நாட்டிலேயே அத்தகைய துணிவு நடந்த இடம் ஒன்று அருகில் இருக்கிறது. புதுச்சேரி அரவிந்தாசிரமத்தில் கொல்கொண்டா என்னும் விடுதி இருக்கிறது. அந்தோனின் ரேமண்ட் வரைந்தார். 1937இல் அதன் கட்டுமானத்தை மேற்பார்க்க ஜார்ஜ் நகஷிமா என்னும் ஜப்பானிய வமிச அமெரிக்கர் வந்தார். பிராண்டிசெக் சம்மர் என்னும் செக் நாட்டவரும் உடனிருந்தார். ஐதராபாத்துத் திவான் சர் அக்பர் ஹைதரி மூலம் கிடைத்த பொருளுதவியால் அதற்கு அப்பெயர் வந்தது. அறைகளுக்குக் காற்றுப் புகும்படி தேக்குச் சட்டங்களை இடைவிட்டு அமைத்த நகர்கதவுகளை அங்கே காணலாம். அறைச் சாமான்களையும் நகஷிமா தேக்கிலேயே அமைத்தார். ஆசிரமத்துப் பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கதவுகளுக்கு வேண்டிய சாமான்களை வார்த்தார்கள் என்பது நம் கன்னார் சகோதரர்க்கு உவப்பான செய்தி. நகஷிமா பின்னர் அமெரிக்காவில் மரச்சாமான் செய்வதில் பெரும்புகழ் பெற்றார். பலகையில் வெடிப்பு இருந்தால் அதை ஒளிக்காமல், குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவமான மரப்பூட்டை இறக்கி, வெடிப்பும் பூட்டும் தெரியும்படியே விட்டவர் அவர். 1964இல் மறுபடியும் இந்தியா வந்து ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் சாமான்கள் அமைத்தார்.

சண்டிகாரின் கதையோ துக்ககரமானது. அந்நகரத்து அலுவலகங்களுக்கென்று பியர் ஜான்னெரே 1950களில் அமைத்த தேக்கு, பிரம்பு நாற்காலிகளை உள்ளூர்த் தச்சர்கள் ஆயிரக்கணக்கிற் செய்தார்கள். கால்கள் கவராயம்போல் விரிந்து நிற்கும் நாற்காலிகள் அவை. பழையனவானதும் அலுவலகத்தார் அவற்றைக் குப்பையென்று குவித்து, ஏலத்தில் அற்ப விலைக்கு விட்டார்கள். அவை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விலைபோயின. ஏலப் பட்டியல்களிற் பெரிதாய் அச்சாவது ஜான்னெரேயின் பெயர். உளிபிடித்தவரின் பெயர் அங்கே நிற்பதில்லை. வெனிஸ் தச்சர் பெயரை அழுத்திச் சொன்னதன் காரணம் இதுவே. தன் வேலையைத் தானே மதியாதவன் செய்த பொருளைப் பிறர் மதித்து விலைவைக்கும்போது, இலாபமும் பெயரும் பிறரிடமே போய்ச் சேரும்.

ஆட்சேபம் ஒன்றுக்கு விடை சொல்லியாக வேண்டும். பொருத்து நாற்காலிக்கு நாள் பிடிக்கும். அந்தக் கூலியை யார் கொடுப்பார்கள்? பொருத்துத் தெரிகிறதே, அதை மூடிவிடுங்கள் என்று சொல்லும் வீட்டுக்காரரும் உண்டு. உண்மைதான். எல்லோரும் எல்லா வேலையையும் பொருத்துப் பிடித்தே செய்யவேண்டும் என்று நாம் கூறவில்லை. கஸ்ஸீனா தொழிற்சாலையிலும் யந்திரம் உண்டு. துளையை யந்திரம் இட்டால் தொழிலின் கௌரவம் போய்விடாது. ஆணியையும் நாம் பழிக்கவில்லை. என்சோ மாரி என்னும் இத்தாலியர் 1974இல், சாதாரணப் பலகையும் ஆணியும் சுத்தியும் கொண்டு எவரும் செய்துகொள்ளத்தக்க மேஜை, நாற்காலிகளுக்குப் படம் வரைந்து, தபாற்செலவு அனுப்பிய எல்லோர்க்கும் இலவசமாய்க் கொடுத்தார். அதில் ஆணியும் மறைக்கப்படவில்லை. பட அரங்கு வேலை செய்யும் நம் சகோதரர்கள் அந்தப் படங்களைப் பார்த்தால் மிகவும் ரசிப்பார்கள். நாம் வேண்டுவது, விலை கொடுக்க வல்லவர் பொருத்து வேலை வேண்டுமென்று வரும்போது இங்கே செய்வாரில்லை என்று சொல்லித் திருப்பியனுப்பும் நிலை வரக்கூடாது என்பதே. அப்படி வருவோர் சென்னையில் இப்போது இல்லாமலில்லை.

கியாவரிச் சங்கம் செய்ததை நம் சங்கமும் சிறிய அளவிற் செய்யலாம். ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம், இந்த மண்டபத்தின் பின்தாழ்வாரத்தில் ஒரு பொருத்து வகுப்பு நடத்துவதற்குக் காரியக் கமிட்டியார் இசையவேண்டும். மூத்த ஆசாரிமார் இருவர் முறைவைத்துக் கற்பித்தாற் போதும். அவர்களுக்குச் சங்க நிதியிலிருந்து நாட்கூலி கொடுக்கவேண்டும், இலவச சேவை என்று கேட்கக்கூடாது. பெண்பிள்ளைகளைச் சேர்க்கவேண்டும். இதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. பிற வகுப்பார் பிள்ளைகள் வந்தால் சேர்க்கலாமா என்று கமிட்டியில் கேள்வி எழும் என அறிவோம். சேர்க்கவேண்டும் என்பது நமது துணிபு. உளி குலங்கேட்டு அறுப்பதில்லை. நம் பிள்ளைகளே விட்டுவிட்ட வேலையைக் கற்க ஒருவன் தேடி வந்தால் அவனைத் தடுத்து நாம் காப்பாற்றப்போவது எதை?

முதற்பாடமாக நாற்காலி வேண்டாம். நான்கு கால் கொண்ட ஒரு சிறு மணை போதும். மரத்துக்கு வீண்செலவு வேண்டாம். பழைய வீடு இடிக்கும் இடங்களில் விற்கும் தேக்குச் சட்டங்களே நன்று, அவை ஆடவேண்டிய ஆட்டமெல்லாம் ஆடி ஓய்ந்த மரம். காலின் தலையை நாக்காக்கி, மணைப்பலகையை ஊடுருவி மேலே தெரியும்படி ஏற்றி, நாக்கின் நடுவில் வாளால் ஒரு பிளவு இட்டு, அதில் ஆப்பு அடிக்கவேண்டும். ஆப்பின் அகலம் பலகையின் நாரோட்டத்துக்குக் குறுக்கே நிற்கவேண்டும்; நாரோடு சேர்ந்து நின்றால் பலகை பிளந்துபோகும். மேலே நீட்டியிருப்பதை மறுநாள் அறுத்து, இழைப்புளியால் பலகையோடு மட்டமாக்கலாம். அப்போது தேக்குப் பலகையின்மேல் நான்கு சிறு சதுரங்களும், ஒவ்வொன்றின் நடுவிலும் ஆப்பின் கோடு ஒன்றும் தெரியும். அதன்மேல் மைக்கா ஒட்டாமல், எண்ணெய் மட்டும் தடவி, அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு அதைக் கொண்டுவர வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிவைப்போம்.